தூண்டில் நரம்பை முறுக்கிச் செயற்கைத் தசை செய்வது எப்படி

மழையில் நனைந்த பருத்திக் கொடிக்கயிறு விறைத்து, கட்டிய ஆணியையே இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நார் தண்ணீரைக் குடித்துப் பருக்கிறது. முறுக்கிய கயிற்றில் நார் பருத்தால் கயிறு நீளத்தில் குறைந்தாக வேண்டும். மோட்டாரும் பல்சக்கரமும் இல்லாமல், ஒரு பொருள் தானாகவே ஆற்றலை அசைவாக மாற்றுவதற்கு இதைவிட எளிய சான்று கிடையாது. நைலான் தூண்டில் நரம்பிலும் இதேதான் நடக்கிறது. தண்ணீரின் வேலையை அங்கே வெப்பம் செய்கிறது.

2014 பிப்ரவரியில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்தைச் சேர்ந்த ரே பாக்மன் குழுவினர் 'சயன்ஸ்' இதழில் இதை வெளியிட்டார்கள். சாதாரணத் தூண்டில் நரம்பையும் தையல் நூலையும் சுருளும்வரை முறுக்கினால், சூடேறும்போது நீளத்தில் 49 சதவீதம் வரை சுருங்கும் தசை கிடைக்கும் என்பதும், அதே நீளமும் எடையும் உள்ள மனிதத் தசையைப்போல 100 மடங்குச் சுமையை அது தூக்கும் என்பதும் அவர்கள் காட்டியவை. வீட்டில் செய்யும்போது 49-ஐ எதிர்பார்க்காதீர்கள். வெந்நீரின் சூட்டில் 10 சதவீதம் வந்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று பொருள்.

சேலத்தில் முறுக்கு என்றால் ஒன்று தட்டுவடை செட் கடையில் இருக்கும், இன்னொன்று தறிக்குப் போகும் நூலில் இருக்கும். இரண்டாவதைத் தெரிந்தவர்களுக்கு இந்த வேலை பாதி முடிந்த மாதிரி.

நரம்பைத் தேர்ந்தெடுப்பது

தேவை 0.5 மி.மீ. தடிமனுள்ள ஒற்றை இழை நைலான் நரம்பு, 1 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக. வீணாகும் என்பதால் ஒரு சுருணையாகவே வாங்குங்கள். மேட்டூர் அணைப் பக்கத்துத் தூண்டில் கடைகளில் தடிமன் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பின்னல் நரம்பு வேண்டாம். அது பெரும்பாலும் பாலிஎத்திலீன், 140 டிகிரியை ஒட்டி உருகிவிடும்.

அட்டையில் பொருளின் பெயர் இல்லையென்றால் ஒரு விரற்கடைத் துண்டை வெட்டி, சோப்புத் தொட்ட தண்ணீரில் அமுக்கிவிடுங்கள். மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். மெதுவாக அடிக்குப் போனால் நைலான், அதன் அடர்த்தி 1.14. கல்போல விழுந்தால் ஃபுளூரோகார்பன். சோப்பு இல்லாமல் சோதித்தால் மேல்பரப்பு இழுவிசையில் நைலானும் மிதந்து ஏமாற்றும்.

மற்றப் பொருள்கள்: வேகத்தைக் குறைத்து ஓட்டக்கூடிய கார்ட்லெஸ் ட்ரில், அதன் வாயில் மாட்ட ஒரு திருகு கொக்கி, எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் பித்தளைத் திருகுள்ள கனெக்டர் ஸ்ட்ரிப், மூடியுள்ள அரை லிட்டர் பாட்டில், சமையலறைத் தராசு, அழியாத மார்க்கர், கண்ணாடி. இந்தக் கண்ணாடி அழகுக்கு இல்லை. முறுக்கேறிய நரம்பு அறுந்தால் சாட்டைபோல முகத்துக்கு வரும்.

எடைதான் எல்லாம்

பத்தில் எட்டுத் தோல்விகளுக்குக் காரணம் தவறான எடை. 0.5 மி.மீ. நரம்புக்கு 300 கிராம் சரி. 200-க்குக் கீழே போனால் நரம்பு அடுக்கடுக்காகச் சுருளாமல் பக்கவாட்டில் கொண்டை போட்டுச் சிக்கிக்கொள்ளும். 500-க்கு மேலே போனால் சுருள் தொடங்குவதற்கு முன்னாலேயே அறுந்துபோக வாய்ப்பு அதிகம். பத்து கிலோ தாங்கும் நரம்புக்கு அரைக் கிலோ எம்மாத்திரம் என்று தோன்றும். முறுக்கு ஏற ஏற நரம்பின் வெளித்தோல் ஏற்கெனவே தாங்கும் எல்லைக்கு இழுபட்டிருக்கிறது, அதற்கு மேல்தான் உங்கள் எடை சேர்கிறது.

வேறு தடிமன் என்றால் எடையைக் குறுக்குவெட்டுப் பரப்பின்படி மாற்றுங்கள். தடிமன் இரட்டித்தால் எடை நான்கு மடங்கு. 0.3 மி.மீ. நரம்புக்கு 110 கிராம், 0.8 மி.மீ. நரம்புக்கு 750 கிராம். முறுக்கின் எண்ணிக்கை தலைகீழ்: தடிமன் இரட்டித்தால் ஒரு மீட்டருக்கான முறுக்கு பாதியாகும்.

பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, பாட்டில், மூடி, கொக்கி எல்லாம் சேர்த்து 300 கிராம் வருமாறு தராசில் பாருங்கள். தண்ணீரில் ஒரு வசதி, பத்துப் பத்துக் கிராமாகக் கூட்டலாம், குறைக்கலாம்.

பாட்டில் சுழலவே கூடாது. ஆனால் தாராளமாக மேலே ஏற வேண்டும். கழுத்தில் ஓர் அடி நீளக் குச்சியைக் குறுக்கே கட்டி, அதன் இரு முனைகளும் இரண்டு நேர்க்கம்பிகளில் உரசியபடி ஏறுமாறு வையுங்கள். கம்பி இல்லையென்றால் கதவு நிலையின் இரு பக்கச் சட்டங்களே போதும், குச்சியை மட்டும் நிலையின் அகலத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். குச்சி எங்காவது மாட்டிக்கொண்டால் இழையில் விழும் இழுவை ஏறி இறங்கும், சுருள் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் தளர்வாகவும் விழும். சட்டத்தில் மெழுகு தேய்த்துவிடுங்கள்.

முறுக்குதல்

நரம்பின் இரு முனைகளையும் முடிச்சுப் போட்டு நம்பாதீர்கள். நைலான் வழுக்கும், முடிச்சு இறுகும் இடத்தில்தான் முதலில் அறும். கனெக்டர் ஸ்ட்ரிப்பின் பிளாஸ்டிக்கை உடைத்தால் உள்ளே சின்னப் பித்தளைக் குழாய் இருக்கும். நரம்பை மடித்து இரண்டு இழையாக அதில் நுழைத்துத் திருகை இறுக்குங்கள். நசுங்கும் அளவுக்கு வேண்டாம்.

மேல் முனையை ட்ரில் கொக்கியில் மாட்டி, ட்ரில்லை நிலைக்கு மேலே அசையாமல் கட்டுங்கள். கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் கை ஆட்டம் எல்லாம் இழையில் பதியும். நரம்பு தொங்கும்போது மார்க்கரால் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோடு இழுத்துவிடுங்கள். வேலை முழுவதிலும் கண்ணுக்கு வழிகாட்டி அந்தக் கோடுதான்.

ட்ரில் நிமிடத்துக்கு 200 முதல் 300 சுற்றுக்குள் ஓடட்டும். முதல் நூறு சுற்றில் கோடு மெல்லப் படுக்கும், பார்பர் கடை வாசலில் சுழலும் வண்ணக் கோடு மாதிரி. 300, 400 போனதும் கோடுகள் நெருங்கி, பாட்டில் சில சென்டிமீட்டர் ஏறியிருக்கும். கோடு செங்குத்திலிருந்து 40 டிகிரியைத் தாண்டிச் சாயும்போது கவனமாக இருங்கள். 1 மீட்டர் நரம்பில் 450-க்கும் 600-க்கும் இடையே எங்கோ ஓரிடத்தில், பெரும்பாலும் முனைப் பக்கம், நரம்பு திடீரென்று ஒரு சின்ன மணிபோல முடிந்துகொள்ளும். அதுதான் முதல் சுருள். அதிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சுருள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக்கொண்டே போகும். பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங் கண்முன்னால் முளைப்பது போலிருக்கும். பாட்டில் இப்போது கடகடவென்று ஏறத் தொடங்கும்.

இரண்டு இடங்களில் சுருள் தொடங்கினால் பயப்பட வேண்டாம், இரண்டும் வளர்ந்து நடுவில் சேர்ந்துவிடும். கொண்டை விழுந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். ட்ரில்லைப் பின்னோக்கி 20, 30 சுற்று ஓட்டி, கொண்டை அவிழ்ந்ததும் 30 கிராம் தண்ணீர் கூட்டித் தொடரலாம். கொண்டை விழுந்த இடத்தில் நரம்பு வெள்ளையாக வெளுத்திருந்தால் தொடர்வதில் பயனில்லை. அந்த இடம் உடைந்துவிட்டது, புது நரம்பு போடுங்கள்.

கடைசிச் சுருளும் விழுந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் பத்துச் சுற்று என்ற ஆசையில் நிறைய தசைகள் வீணாகியிருக்கின்றன. அதற்கு மேல் முறுக்கினால் சுருளே சுருளும், பிறகு அறும். ஆரம்பத்தில் 1 மீட்டராக இருந்த நரம்பு இப்போது 20 முதல் 25 செ.மீ. நீளத்தில், ஒரு மி.மீ.க்குச் சற்று மேல் தடிமனில், கையில் பிடித்தால் உயிருள்ள புழுபோல நெளியும். விட்டால் அரை நொடியில் எல்லாம் அவிழ்ந்துவிடும். ஆகவே ட்ரில்லிலிருந்து கழற்றும் முன்னால் மேல்முனைப் பித்தளையில் ஒரு குறுக்குக் கம்பியை நுழைத்து எதிலாவது தடுத்துவிடுங்கள்.

பதம் கொடுப்பது

சுருள் நிலைக்க அதை வெப்பத்தில் பதப்படுத்த வேண்டும். இதற்கு இரும்புக் கம்பியில் ஒரு சட்டம் செய்து, தசையைச் சுமார் கால் பங்கு இழுத்து, அதாவது 22 செ.மீ. என்றால் 27 செ.மீ. ஆக, இரு முனைகளும் சுழலாமல் கட்டுங்கள். இந்த இழுப்பை விட்டுவிடக் கூடாது. சுருள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே பதமானால் பிறகு சுருங்குவதற்கு இடமே இருக்காது. எல்லாம் சரியாகச் செய்தும் அசையவே மாட்டேன் என்கிறதே என்று கேட்கப்படும் தசைகளில் முக்கால்வாசி இந்த வகைதான்.

கேக் செய்யும் ஓவன் இருந்தால் 140 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு உள்ளேயே ஆறவிடுங்கள். தூண்டில் நரம்பு நைலான் 6 ஆகவும் இருக்கலாம், 6,6 ஆகவும் இருக்கலாம். முதலாவது 220 டிகிரியை ஒட்டி உருகும், இரண்டாவது 260. எது என்று தெரியாதபோது 6 என்றே வைத்துக்கொண்டு 150-ஐத் தாண்டாதீர்கள். ஓவனின் வெப்பக் கம்பிக்கு நேர் எதிரில் வைத்தால், முள் 140 காட்டினாலும் அந்த இடம் அதைவிட அதிகமாகச் சுடும்.

ஓவன் இல்லாதவர்களுக்கு நூல் ஆலைக்காரர்களின் வழி இருக்கிறது: நீராவி. முறுக்கிய நைலான் நூல் அவிழாமல் இருக்க ஆலைகளில் ஆவியில்தான் பதம் வைக்கிறார்கள். ஈரம் நைலானை இளக்கிவிடுவதால் குறைந்த சூடே போதும். சமையலுக்குப் பயன்படாத பழைய பிரஷர் குக்கர் ஒன்று கிடைத்தால், சட்டத்துக்குப் பதிலாகத் தசையை இழுத்தபடி ஒரு ஸ்டீல் டம்ளரில் சுற்றி, இரு முனைகளையும் இறுக்கிக் கட்டி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே தட்டில் வையுங்கள். ஆவி வந்து வெயிட் போட்டபின் சிறு தீயில் அரை மணி. உள்ளே 120 டிகிரி அளவு வரும். குக்கர் தானாக ஆறட்டும். கொஞ்சம் வளைவு தங்கும், சுமை தொங்கினால் நிமிர்ந்துவிடும். இந்த வழியில் செய்ததை ஒரு நாள் காயவிட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

எந்தச் சூடும் வேண்டாம் என்பவர்களுக்கு மூன்றாவது வழி: தசையை நடுவில் மடித்து, மடிப்பில் சின்னக் கொக்கியைப் போட்டு மெல்ல விடுங்கள். இரண்டு பாதியும் ஒன்றின்மேல் ஒன்று எதிர்த்திசையில் புரியாகச் சுற்றிக்கொண்டு, முறுக்கு சமமாகி நின்றுவிடும். இரட்டைப்புரி நூலின் கணக்குதான். நீளம் பாதியாகும், தூக்கும் சுமை இரட்டிக்கும்.

பழக்குவதும் சோதிப்பதும்

தசையைத் தொங்கவிட்டு 300 கிராமில் தொடங்குங்கள். சுருள்களுக்கு இடையே ஒரு தாள் நுழையும் இடைவெளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் 50 கிராமாகக் கூட்டுங்கள். பின்னால் சுவரில் ஸ்கேலை ஒட்டி, பாட்டிலின் அடிமட்டத்தைக் குறியுங்கள். கொதித்த தண்ணீரைக் கெட்டிலிலிருந்து தசையின் மேல்முனையில் மெல்லிய தாரையாக ஊற்றினால் அது இழையோடு வழிந்து இறங்கும், பாட்டில் ஏறும். 27 செ.மீ. தசையில் 2.5 செ.மீ. வரை ஏற்றம் எதிர்பார்க்கலாம்.

ஏற்காட்டில் சோதிப்பவர்கள் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அடிவாரத்தில் சேலத்தில் கிட்டத்தட்ட 99. ஒரே தசை மேலே கொஞ்சம் குறைவாகத்தான் தூக்கும். காற்றும் குளிர்ந்திருப்பதால் கெட்டிலிலிருந்து தசைக்குப் போவதற்குள் இன்னும் சில டிகிரி போய்விடும். தசையைக் குறைசொல்வதற்கு முன்னால் தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

முதல் ஐந்தாறு தடவை சூடேற்றி ஆற்றும்போது பாட்டில் பழைய குறிக்குத் திரும்பாது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கீழே நிற்கும். பழுது இல்லை, தசை பழகுகிறது. பத்துத் தடவைக்குள் நின்றுவிடும். அதற்கு மேலும் இறங்கிக்கொண்டே போனால் ஏதோ ஒரு முனை பித்தளைக்குள் வழுக்குகிறது, அல்லது பதம் போதவில்லை.

மின்சாரத்தில் ஓட்டுவது

வெந்நீருக்குப் பதிலாக, தசையின்மேல் ஒரு வெப்பக் கம்பியைச் சுற்றி, அதில் மின்சாரம் விட்டும் சூடேற்றலாம். அதற்கு 38 கேஜ் நைக்ரோம் கம்பி, அதாவது 0.15 மி.மீ., 80 செ.மீ. நீளம் போதும். மீட்டர் வைத்துப் பார்த்தால் 50 ஓமை ஒட்டிக் காட்டும். 12 வோல்ட் அடாப்டரில் கால் ஆம்பியர், கிட்டத்தட்ட 3 வாட். மோட்டார் வைண்டிங் கடையின் செப்புக் கம்பி இதற்கு ஆகாது, அதே நீளத்துக்கு ஓர் ஓம்கூட வராமல் அடாப்டரைத் திணற வைக்கும். கிடைக்கிறதே என்று சரிகை நூலைச் சுற்றிப் பார்ப்பதும் வீண். போலிச் சரிகையில் உலோகப் பூச்சின்மேல் அரக்குப் படலம் இருக்கும், மின்சாரத்துக்கு வழியில்லை. அசல் சரிகையின் தகடு சுருங்கி விரியும் வேலைக்குத் தாங்காது.

சுமை தொங்கும் நிலையில், தசைச் சுருள் ஓடும் திசைக்கு எதிராக, ஒன்றரை மி.மீ. இடைவெளியில் கம்பியைச் சுற்றுங்கள். அதே திசையில் சுற்றினால் கம்பி சுருளின் பள்ளத்துக்குள் புதைந்து, சுருங்கும்போது நசுங்கும். நைக்ரோமில் ஈயப்பற்று பிடிக்காது, முனைகளை அதே பித்தளைத் திருகில் மாட்டுங்கள். முதலில் 9 வோல்ட், ஏற்றம் போதவில்லை என்றால் 12. அரை நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில் நைலான் பளபளத்துத் தட்டையாகும். அது உருகத் தொடங்கிய அடையாளம்.

ஏறுவதைவிட இறங்குவது மெதுவாக இருக்கும். அதை மின்சாரம் கூட்டிச் சரிசெய்ய முடியாது, தசை ஆறினால்தான் நீளும். சின்னக் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை எதிரில் வைத்தால் நேரம் பாதியாகும், அல்லது மெல்லிய நரம்பில் தசை செய்து நாலைந்தை அருகருகே கட்டுங்கள். திறனைப் பற்றி மயக்கம் வேண்டாம். கொடுக்கும் ஆற்றலில் 1 சதவீதத்தை ஒட்டித்தான் வேலையாக மாறும், மீதி வெப்பமாகப் போகும். ஆகவே பேட்டரியில் ஓடும் ரோபோக் கைக்கு இது ஏற்ற பொருள் இல்லை. சும்மா கிடைக்கும் வெப்பத்தில் வேலை வாங்குவதற்குத்தான் பொருத்தம்.

மலையில் ஒரு வேலை

அப்படி ஒரு வேலை சேர்வராயன் மலை நர்சரிகளில் இருக்கிறது: வெயில் ஏறினால் கூடாரத்தின் காற்றுப் பலகையைத் திறப்பது. காலை 18 டிகிரி, நண்பகலில் கூடாரத்துக்குள் 38 என்று வையுங்கள். 20 டிகிரி வித்தியாசத்துக்குத் தசை 2 சதவீதம் அளவுதான் சுருங்கும். அதனால் ஒரு மீட்டர் நீளத் தசை, அதாவது நாலைந்து மீட்டர் நரம்பில் செய்தது, வேண்டும். கிடைக்கும் 2 செ.மீ. இழுப்பை ஐந்துக்கு ஒன்று நெம்புகோலில் கொடுத்தால் பலகை 10 செ.மீ. திறக்கும், ஆனால் விசை ஐந்தில் ஒரு பங்காகிவிடும். எட்டு முதல் பத்துத் தசைகளைக் கட்டாகச் சேர்த்து, பலகையின் எடையை எதிர்க்கல் போட்டுச் சமன்செய்துவிடுங்கள். கட்டைக் கறுப்புப் பெயின்ட் அடித்த தகரக் குழாய்க்குள் வைத்தால் இன்னும் சில டிகிரி கூடும்.

ஏற்காட்டில் இதைக் கெடுப்பது மூடுபனி. நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும், இளகும். முழுக்க நனைந்தால் தன் எடையில் எட்டு ஒன்பது சதவீதம்வரை தண்ணீர் பிடித்துக்கொள்ளும். பனி மூடிய ஒரு வாரத்துக்குப் பிறகு பலகை திறக்கும் நேரம் மாறியிருப்பதற்கு அதுவே காரணம். இழுகயிற்றில் ஒரு டர்ன்பக்கிள், அதாவது திருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு, போட்டு, பருவத்துக்கு ஒருமுறை திருகிச் சரிசெய்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். வெயில் படும் நைலான் நாளடைவில் நொறுங்கும் என்பதால் தகரக் குழாய் அதற்கும் காப்பு.

மூடுபனியையே எரிபொருளாக்கவும் வழியுண்டு, அதற்கு நைலானைவிடப் பட்டு நல்லது. வெண்பட்டு வேட்டி நெய்யும் சேலத்தில் நூலுக்குப் பஞ்சமில்லை. கேட்டு வாங்கும்போது பசை எடுத்த நூலாகக் கேளுங்கள். பசையோடு உள்ள நூல் முறுக்கினால் மொரமொரப்பாகி, ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். 0.3 மி.மீ. தடிமன் வரும்வரை இழைகளைச் சேர்த்து, 1 மீட்டர் நீளத்துக்கு 40 கிராம் எடையில், சுருள் விழுவதற்குச் சற்று முன்னால்வரை, சுமார் 600 சுற்று முறுக்குங்கள். நடுவில் மடித்து இரட்டைப்புரியாக விட்டு, கீழே அரைக் கிராம் தெர்மாகோல் துண்டைக் கொடிபோலக் குத்திவையுங்கள். தெளிப்பானால் ஒரு முறை பனிபோல அடித்தால் கொடி சுழலும், காய்ந்தால் எதிர்ப்பக்கம் திரும்பும். காற்றடிக்கும் இடத்தில் எது ஈரத்தால் சுழன்றது, எது காற்றால் சுழன்றது என்று தெரியாது. வாய் அகன்ற கண்ணாடிப் புட்டிக்குள் தொங்கவிட்டு, மூடியைத் திறந்து பனியை உள்ளே விடுங்கள்.